வேப்பமரத்தடியில் எடுத்த சர்வே

காலனிக்குப் போய்வந்தால் நான் குளிப்பேன். ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்குப் போய்வந்தால் கைகால் மட்டும் கழுவுவேன். வெயிலில் அலைந்த உடம்பு, வியர்வை நாற்றம், அதனால்தான் குளிக்கிறேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வெயில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் அடிக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமியார் இருந்தவரை பழி போட ஓர் ஆள் இருந்தது. நான் காலனிக்குப் போகும் நாட்களில் பின்பக்கத்துக் குழாயடியில் ஒரு வாளி தண்ணீரும் மாற்றுச் சேலையும் எடுத்து வைத்திருப்பார். குளிக்காமல் சமையல்கட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. "கெவருமெண்டு வேலை வெளிய, ஊடு ஊடுதான்" என்பார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு குளிப்பேன். காலத்துக்கு ஒவ்வாத கிழவி என்று ஹெல்த் சென்டரில் மற்ற பெண்களிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். பிறகு அவர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து நான் முதல் தடவை காலனிக்குப் போய்வந்த அன்று வாளியை நானே நிரப்பினேன். மாற்றுச் சேலையையும் நானே கொண்டுவந்து கொடியில் போட்டேன்.

ஆஷா என்பது என் பெயரல்ல, என் வேலையின் பெயர். வார்டுக்கு ஒருத்தி. கர்ப்பிணிகளைத் தெரிந்து எழுதுவது, குழந்தைகளைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போவது, சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு மாத்திரை கிடைக்கிறதா என்று பார்ப்பது, கொசு முட்டை இடும் சிரட்டையைக் கவிழ்க்கச் சொல்லித் தொண்டை வறள்வது, எல்லாம் அவள் வேலை. வருஷக்கணக்காக ஒரு பேரால் கூப்பிட்டால் அதுவே பேராகிவிடுகிறது. என் கணவரை இப்போது "ஆஷாக்கா ஊட்டுக்காரர்" என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் வார்டு கோபாலபுரம் செக்போஸ்டிலிருந்து வண்டியில் பத்து நிமிஷம். தாண்டினால் பொள்ளாச்சி. பேச்சு கோயமுத்தூர்ப் பேச்சு, ரேஷன் கார்டு மலையாளம். சுற்றிலும் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. கேரளத்தில் இப்போது சாதியெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று மைக் வைத்துப் பேசுகிறவர்களை எங்கள் வாய்க்கால் பாலத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நானும் அப்படிப் பேசியவள்தான். வாரம் ஒரு முறை பாலத்தைத் தாண்டுகிறவள் என்பதால் கூடுதல் தைரியத்தோடு பேசியவள்.

பாலம் தாண்டியதும் ஒரு வேப்பமரம், அதன் கீழே பஞ்சாயத்துக் குழாய். அங்கே வண்டியை நிறுத்துவேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். நான் உட்கார்ந்ததும் தகவல் போய், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து நிற்பார்கள். ரெஜிஸ்டரைத் திறந்து வரிசையாகக் கேட்பேன். காய்ச்சல் இருக்கா, யாராவது முழுகாம இருக்கிறார்களா, ஊட்டுக்குள்ள தண்ணி தேங்கி நிக்குதா. இல்லீங்க, இல்லீங்க, இல்லீங்க. மற்ற ஆஷாக்கள் இரண்டு நாள் நடந்து முடிப்பதை நான் மதியச் சோற்றுக்குள் முடித்துவிடுவேன். ரெஜிஸ்டரில் தலைப்பு 'வீடு சந்தர்சனம்', வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என்று அர்த்தம். வீட்டுக்குள் போனேனா மரத்தடியில் இருந்தேனா என்று கேட்க அதில் கட்டமில்லை. மாத மீட்டிங்கில் என் ரெஜிஸ்டரைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளே பூரித்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

போன கொஞ்ச நேரத்தில் எனக்கு இளநீர் வந்துவிடும். தண்ணீர் கொடுத்தால் நான் குடிக்கமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். டீ கொடுத்தால் "இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்" என்பேன் என்பதும் தெரியும். இளநீருக்கு மட்டும் எந்தத் தீட்டும் கிடையாது. மரத்தில் காய்த்தது, சீவியதும் நேராக வாய்க்கு வருவது, யார் பாத்திரமும் நடுவில் இல்லை. இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. என் தர்மசங்கடத்தை எனக்கு முன்னால் அவர்களே புரிந்துகொண்டு, எனக்கு வலிக்காமல் தீர்த்துவைத்திருந்தார்கள். நான் அதை மரியாதை என்று நினைத்துக் குடித்தேன்.

நாற்காலியும் இளநீரும் வருவது ஒரு பெண்ணின் ஏற்பாடு. குழாயிலிருந்து மூன்றாவது வீடு அவளுடையது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பிரசவம் இரண்டும் தாய்வீட்டுப் பக்கம் முடிந்துவிட்டதால் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. மாங்காய் சீசனில் குடோனில் காய் பிரிக்கும் வேலை. கையில் எடுத்த காயை ஒரு உருட்டு உருட்டிப் பார்த்து, இது பெட்டிக்கு, இது ஜூசுக்கு, இது மாட்டுக்கு என்று தள்ளிவிடும் வேகத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று குடோன் மேஸ்திரியே சொல்வார். காய் அழுத்தினால் உள்ளே பழுத்திருக்கிறதா என்று விரல் சொல்லிவிட வேண்டும். விரல்தான் அந்த வேலை.

வாயும் அப்படித்தான். "ஆஷாக்கா வந்தாச்சு, ஆரெல்லாம் நோயாளி, ஓடியாங்க" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் காலனி மொத்தமும் கூடிவிடும். எனக்கு அவளைப் பிடிக்கும். அதை இப்போது எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பிடித்த பெண்ணுக்கு நான் சத்து மாத்திரை கொடுக்கும் விதம் இதுதான்: அவள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவாள், நான் ஒரு சாண் மேலே இருந்து அட்டையைப் போடுவேன். அவளைத் தெரிந்த ஒன்பது வருஷமும் ஒரு அட்டைகூடக் கீழே விழாமல் பார்த்துக்கொண்டோம், இருவரும்.

ஒரு வருஷம் தொழுநோய் சர்வே வந்தது. வீடு வீடாகப் போய் ஒவ்வொரு ஆளின் தோலையும் பார்க்க வேண்டும். ஹெல்த் சென்டரில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது சிஸ்டர். சிஸ்டர் என்றால் எங்கள் வார்டுகளுக்குப் பொறுப்பான நர்ஸ். மலையாளத்துக்காரர், எங்களோடு பழகி மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், முதுகு, தோள், முழங்கை, எதையும் விடக் கூடாது என்றார். தேமல் போல வெளுத்த இடம் இருந்தால் ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட வேண்டும். தொட்டது தெரிந்தால் விரலால் அந்த இடத்தைக் காட்டுவார்கள். தெரியாவிட்டால் அதுதான் நோய். சூடு பட்டும் தெரியாத புண் இருந்தால் உடனே எழுதிக்கொள்ள வேண்டும்.

"சீக்கிரம் கண்டால் வெறும் மருந்து. வைகிப்போனால் கை போகும்" என்றார் சிஸ்டர். "தொட்டால் பரவும் என்று பேடிக்கண்டா, பயம் வேண்டாம். தொடாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது."

நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும் என்றபோது நான்தான் எழுந்து போனேன். கண்ணை மூடி உட்கார்ந்தேன். சிஸ்டர் என் கையில் பேனாவால் தொட்ட இடமெல்லாம் டக் டக்கென்று காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து வார்டு ஆஷாவுக்குப் புரியவில்லை என்று நானே அவளுக்குத் திரும்பச் செய்து காட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

சர்வே நாளில் காலையில் எங்கள் ஊர் வீடுகள். சிஸ்டர் சொன்னபடி எல்லாம் செய்தேன். பெண்களை உள் அறைக்குக் கூட்டிப்போய், ஜன்னலைத் திறந்து வைத்து, முதுகைப் பார்த்தேன். ஆண்களைப் பார்க்க ஓர் ஆண் வாலண்டியர் கூட வந்தார். ஒரு வீட்டில் பெரியம்மா ஒருவரின் முதுகில் வெறும் தேமலைப் பார்த்து நான் கண்ணை மூடச் சொல்லித் தொட, அவர் கூச்சத்தில் சிரித்து எனக்கும் சிரிப்பு வந்தது. நாலு வீட்டில் காபி குடித்தேன்.

பிறகு பாலம் தாண்டினோம். வாலண்டியர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆட்கள் வந்து கூடினார்கள். ஆணும் பெண்ணும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் நிற்கும் அந்த இடத்தில், உரக்கக் கேட்டேன்.

"ஆருக்காச்சும் தேமல் கீமல், மரத்துப்போன எடம் இருக்குதா? குஷ்டத்துக்குப் பாக்கறாங்க. இருந்தா சொல்லீருங்க."

ஊர்க்கூட்டத்தில் நின்றுகொண்டு எனக்குக் குஷ்டம் இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? எங்கள் ஊரில் இப்படிக் கேட்டிருந்தால் என்னை விளக்குமாற்றால் அடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இல்லீங்க என்றார்கள். நான் எழுதினேன்.

நாற்காலி போட்டுத்தந்த அவள் மட்டும் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தி, "ஆஷாக்கா, ஒண்ணு கேக்கோணுமுங்க. ஒரெட்டு ஊட்டுக்கு வர்றீங்களா?" என்றாள்.

மூன்றாவது வீடு. நாற்காலியிலிருந்து இருபது அடி இருக்கும். வாசலில் கோழி நின்றுகொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது.

"எதுன்னாலும் இங்கயே சொல்லு புள்ள. நேரமாச்சு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். சுண்டுவிரலின் பக்கவாட்டில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. "சோறு வடிக்கறப்ப சுட்டுருச்சுங்க. சுட்டதே தெரியலீங்க. பொறவு பாத்தா தோலே உரிஞ்சு கெடக்குது."

என் மடியில் இருந்த ரெஜிஸ்டரின் முதல் பக்கத்தில், என் கையெழுத்தில், சூடு பட்டும் தெரியாத புண் என்று எழுதியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"காதுல போனை வெச்சுட்டு அம்மாகூடப் பேசிட்டே சோறு வடிச்சா எப்புடித் தெரியும்? வாய் இருக்கற அளவுக்குக் கை சூதானமா இருக்கோணுமல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். வாலண்டியர்கூடப் போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். "அதுவும் சரித்தானுங்க" என்றாள். நான் பையிலிருந்து புண்ணுக்குப் போடும் களிம்பை எடுத்து, வழக்கம்போல மேலே இருந்து போட்டேன்.

பார்த்து முடித்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் ஓர் எழுத்தும் தேதியும் போட வேண்டும். மேலேயிருந்து யாராவது சோதிக்க வந்தால் அந்த அடையாளத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்காவது வீடு வீடாக நடந்திருக்கலாம். சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன். எப்படி எழுத வேண்டும் என்று ரெஜிஸ்டரின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன்.

"எல்லாரு ஊட்டுச் செவுத்துலயும் போட்டுட்டு வந்துரு, கண்ணு."

அவள் சந்தோஷமாகப் போனாள். தன் வீட்டில்தான் முதலில் எழுதினாள். எழுதும்போது சாக்பீஸ் கைநழுவி விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. பிறகு இடது கையால் எழுதினாள். நான் இளநீரைக் குடித்துக்கொண்டே அதைப் பார்த்தேன். இன்றைக்கு இவளுக்கு என்ன, கை ஒரு இடத்தில் நிற்கவில்லை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். எங்கள் சென்டரில் முதலில் சர்வே முடித்தது நான்தான்.

அடுத்த மாங்காய் சீசன் வந்தபோது அவள் குடோனுக்குப் போகவில்லை. நான் காரணம் கேட்கவில்லை. வேப்பமரத்தடிக்கு அவள் வருவதும் குறைந்தது. நாற்காலியை வேறு யாராவது கொண்டுவந்தார்கள். ஒரு நாள் சிஸ்டர் போன் செய்து உடனே வரச் சொன்னார். போனேன். மேசையில் என் ரெஜிஸ்டர் விரித்திருந்தது, பக்கத்தில் ஒரு கடிதம். அவளை அவள் அம்மா பொள்ளாச்சியில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். தொழுநோய். வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிட்டன, நிமிர்த்த முடியவில்லை. மருந்து இங்கேயே கொடுக்க வேண்டும் என்று எங்கள் சென்டருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"உன் வார்டு" என்றார் சிஸ்டர். "சர்வேயில் இல்லை என்று எழுதியிருக்கே. தொட்டு நோக்கியதல்லே?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு இழுக்கும் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அவள் விரல் நினைவுக்கு வரவில்லை. மாத மீட்டிங்கும் மற்ற ஆஷாக்களின் முகமும்தான் வந்தன.

"தொட்டுப் பாத்தேன் சிஸ்டர். அப்ப ஒண்ணும் இல்ல." அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "அவ மறைச்சிருப்பா சிஸ்டர். அந்த ஆளுகளைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா, எதையும் வெளிய சொல்ல மாட்டாங்க."

சிஸ்டர் பேனாவை எடுத்து, நோயாளி விவரத்தை மறைத்தார் என்று மலையாளத்தில் ஒரு வரி எழுதினார். எழுதி முடிக்கும்வரை நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் இருவருமாகக் காலனிக்குப் போனோம். சிஸ்டர் வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. நேராக அவள் வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தார். நானும் போக வேண்டியதாயிற்று. வாசலைத் தாண்டும்போது சுவரில் சாக்பீஸ் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இடது கை எழுத்து, கோணலாக. உள்ளே சுத்தமாக இருந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் கையைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள். சிஸ்டர் அதைப் பிடித்து வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முழங்கைக்குப் பின்னால் நரம்பை அழுத்திப் பார்த்தார். மருந்து ஆரம்பித்தால் நோய் முற்றிலும் போய்விடும், ஒருத்தருக்கும் பரவாது, வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் பொள்ளாச்சியிலேயே பார்த்தாயிற்று, அவர்களுக்கு இல்லை என்று பொறுமையாகச் சொன்னார்.

"கை பழையபடி ஆகுமுங்களா சிஸ்டர்? குடோனுக்குப் போகோணும்" என்று கேட்டாள்.

சிஸ்டர் மடங்கிய விரல்களை மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். "ஆறு மாசத்துக்குள்ளே வந்திருந்தால் நரம்பைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம் மோளே. இப்போது உறுதி சொல்ல முடியாது. முயற்சி செய்யலாம்." அப்புறம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சர்வேக்கு ஆஷா வந்தபோது ஏன் சொன்னதில்லை? எதினு மறைச்சு வெச்சே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். எந்த மாசம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கிப் போயிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னேனுங்க, கையை நீட்டினேனுங்க, ஊட்டுக்குக் கூப்பிட்டேனுங்க, இவங்க சிரிச்சாங்க. அவள் வாய் எனக்குத் தெரியும். ஊரைக் கூட்டும் வாய்.

"நாந்தானுங்க சிஸ்டர் சொல்லலை" என்றாள். "ஆஷாக்கா நல்லாத்தான் பாத்தாங்க."

வெளியே வந்தபோது அவள் வீட்டுக்காரர் இளநீர் சீவிக்கொண்டு நின்றார். சிஸ்டர் வேண்டாம் என்று குழாயில் கையேந்தித் தண்ணீர் குடித்தார். எனக்காகச் சீவியதை நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குழாயடிக்குப் போனேன். ஆமாம், அன்றைக்கும் குளித்தேன். எல்லாவற்றையும்விட இதை எழுதத்தான் எனக்குக் கூசுகிறது. கை தன்பாட்டில் வாளியை எடுத்தது, தண்ணீர் தலையில் விழுந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. நனைந்த சேலையோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்காக அழுதேன் என்று சொல்ல ஆசைதான். பயத்திலும் அவமானத்திலும் எனக்காகத்தான் அழுதேன்.

அடுத்த மாதத்து மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். வேப்பமரத்தடியில் நாற்காலி வந்துவிட்டது. அதைத் தாண்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் பதறிக்கொண்டு எழுந்தாள். உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் அந்தப் பக்கத்தில் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

பாயில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதுதான். "ஏம்புள்ள சிஸ்டர்கிட்ட அப்படிச் சொன்ன?"

அவள் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கையை ஊறவைத்திருந்தாள். மரத்துப்போன தோல் வெடிக்காமல் இருக்க ஊறவைத்து எண்ணெய் தடவச் சொல்லியிருந்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டே, "மாத்திரை மாசாமாசம் நீங்கதானுங்களே கொண்டு வரோணும்" என்றாள். "நான் பாட்டுக்கு உங்கள மாட்டி உட்டு, நீங்க வராம போயிட்டா? காலனிக்குன்னு இன்னொருத்தர் வருவாங்களா?"

கோபமில்லாமல் சொன்னாள். பெருந்தன்மையோ மன்னிப்போ இல்லை. மருந்து வர வேண்டும், அதற்கு என்னைப் பகைக்க முடியாது, அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடு என்றேன்.

"ஐயோ, இது குழாத் தண்ணிங்க. பழக்கமில்லாத தண்ணி, உங்களுக்கு வவுத்துக்குச் சேராதுங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, வெளியே பார்த்து இளநீருக்குக் குரல் கொடுத்தாள். என் வீட்டிலும் அதே பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர்தான். வெயிலுக்குக் குளிக்கிறேன் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டதைப் போல, எனக்காக அவளும் ஒரு சாக்கைத் தயாராக வைத்திருந்தாள். நான் வற்புறுத்தவில்லை.

அங்கிருந்து நேராக ஹெல்த் சென்டருக்குப் போனேன். சிஸ்டரிடம் சொன்னேன். வேப்பமரம், நாற்காலி, சிரித்தது, சாக்பீஸ், எல்லாம். அவர் ரெஜிஸ்டரை எடுத்து, நோயாளி மறைத்தார் என்ற வரியை அடித்தார். அடித்த வரிக்கு மேலே என்னையே எழுதச் சொன்னார். தொட்டுப் பரிசோதிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீட்டிங்கிலும் சொல்ல வைத்தார். சொன்னேன். ஒருத்தியும் என்னை ஏசவில்லை. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களுடைய வார்டுகளிலும் மரங்கள் இருந்திருக்கும்.

வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன், கொஞ்சம் ஆசைப்படவும் செய்தேன். சிஸ்டர் அப்படி விடவில்லை. "மாசத்துக்கு ஒருக்கால் நீயே அந்தக் கையைப் பரிசோதிக்கணும். எவிடே தெரியுது, எவிடே தெரியலை, எழுதிக் கொண்டுவரணும்" என்றார். கையின் படம் போட்ட ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே போனேன். வாசல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. அவளை வாசலைப் பார்க்க உட்காரவைத்து, எதிரில் நானும் உட்கார்ந்தேன். கண்ணை மூடு, தொட்டது தெரிஞ்சா அந்த எடத்தைக் காட்டு என்றேன். பயிற்சியில் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி. பெருவிரலில் பேனா முனையால் தொட்டேன், சட்டென்று இடது கையால் காட்டினாள். ஆள்காட்டிவிரல், காட்டினாள். நடுவிரல், கொஞ்சம் யோசித்துக் காட்டினாள். மோதிரவிரலில் தொட்டேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் மூன்று இடத்தில் தொட்டேன். களிம்பு போடக் கொடுத்தேனே, அந்தத் தழும்பின் மேலும் தொட்டேன். அவள் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

பேனாவைக் கீழே வைத்தேன். மடங்கியிருந்த அந்த இரண்டு விரல்களையும் என் உள்ளங்கைக்குள் எடுத்துப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் தடவிய விரல்கள், வெதுவெதுப்பாக இருந்தன. எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை.

அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "தொட்டுட்டீங்களாக்கா?"

"தொட்டுட்டேன் புள்ள."

"தெரியலீங்க" என்றாள். பிறகு, என் வேலையைத் தான் கெடுத்துவிட்டதைப் போல, கையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினாள். "இன்னொருக்கா தொடுங்க. இந்தத் தடவை நல்லாக் கவனிச்சுச் சொல்றேன்."